200,000 வெள்ளிக்கு எந்தக் கதவு திறக்கும்? ஈசூன் குடும்பம் ஒன்றின் பள்ளித் தேர்வு

2018 நவம்பர் கடைசி. என் அக்கா மகள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவை வாங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் அவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து தட்டை எடுப்பதற்கு முன்பே அத்தான் ஒரு தாளை மேசைமேல் விரித்தார். தனியார் பள்ளி ஒன்றின் கட்டண விவரம். முதலாண்டுக் கட்டணம் 28,000 வெள்ளி. பதிவு, சீருடை, பேருந்து, மடிக்கணினி எல்லாவற்றையும் பேனாவால் கூட்டிப் பக்கத்தில் 32,000 என்று எழுதி வைத்திருந்தார். ஆண்டுதோறும் ஏறும் விலையையும் சேர்த்தால் ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 200,000 வெள்ளி.

"மாப்ளே, நீதான் சொல்லணும். இந்தக் காசப் போட்டா இவ யூனிவர்சிட்டிக்குப் போயிடுவாளா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலில் பாதி சரி, பாதி தவறு. ஏழு ஆண்டு கழித்து, குடும்பத்தின் சம்மதத்தோடு அதை எழுதுகிறேன். பெயர்களையும் பள்ளிகளையும் விட்டுவிட்டேன். நான் வார இறுதிகளில் உயர்நிலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவன். இந்தக் கேள்வியை வேறு பெற்றோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தது இந்த ஒரு குடும்பத்தைத்தான்.

குடும்பத்தின் நிலைமை

அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்கா ஒரு மருந்தகத்தில் பதிவுப் பிரிவில் இருக்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து அப்போது மாதம் 9,400 வெள்ளி. மத்திய சேமநிதி (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) போகக் கைக்கு வந்தது 7,500 வெள்ளிக்குப் பக்கம். நாலறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. வங்கியில் 110,000 வெள்ளி சேமிப்பு. இரண்டு மகள்கள், சின்னவளுக்கு அப்போது ஐந்து வயது.

பெரியவளின் டி-ஸ்கோர் (மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட மொத்த மதிப்பெண்) 227. உயர்நிலையை நான்கு ஆண்டில் முடிக்கும் எக்ஸ்பிரஸ் பிரிவுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் உயர்நிலை முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) இல்லாமல் ஆறு ஆண்டு நேராகப் போகும் ஒருங்கிணைந்த பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அது எட்டாது. அதுதான் வீட்டில் இருந்த வருத்தம். இன்னொன்றும் இருந்தது: அத்தானின் அண்ணன் மகன் 2017 முதல் தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது அவன் ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டுவிட்டு அக்கா அமைதியாகிவிடுவார். இதை வெறும் பொறாமை என்று நான் தள்ள மாட்டேன். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது நம் கையில் காசு இல்லாததால் கிடைக்காமல் போகிறதோ என்ற பயம் அது. அந்தப் பயத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

'தனியார்' என்றால் எது?

முதல் குழப்பம் சொல்லிலேயே இருந்தது. அத்தான் இணையத்தில் படித்த அறிவுரைகளில் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே பேர்பெற்ற உயர்நிலைப்பள்ளி என்றால் பெரும்பாலும் பெருங்காசு வாங்கும் தனியார் பள்ளியைத்தான் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. ராஃபிள்ஸ் கல்வி நிலையம், ஹுவா சோங் கல்வி நிலையம், ஏசிஎஸ் இண்டிபென்டன்ட் போன்றவை சுயேச்சைப் பள்ளிகள். கட்டணத்தை அவையே நிர்ணயிக்கின்றன. ஆனால் அரசாங்க மானியமும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள் அங்கே கட்டுவது மாதம் சில நூறு வெள்ளி. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எடுசேவ் உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 2,400 வெள்ளி வரை கிடைக்கும். வசதி குறைந்த குடும்பங்களுக்குத் தனி உதவியும் இருக்கிறது. அங்கே நுழையக் காசு போதாது. மதிப்பெண் வேண்டும், அல்லது நேரடி மாணவர் சேர்க்கை வழியாக ஒரு திறமை வேண்டும்.

அத்தான் கையில் இருந்த தாள் வேறு வகை. முழுக்கத் தனியார் பணத்தில் நடக்கும், ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்க்க அனுமதி பெற்ற பள்ளிகள். 2005 வாக்கில் தொடங்கிய இந்த வகையில் மூன்றே பள்ளிகள்: ஹுவா சோங் இன்டர்நேஷனல், ஏசிஎஸ் இன்டர்நேஷனல், செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன் இன்டர்நேஷனல். மற்ற அனைத்துலகப் பள்ளிகளில் சிங்கப்பூர்க் குடிமகன் சேர வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் சிறப்பு அனுமதி வேண்டும். இந்த மூன்றிலும் பொதுவான பாதை நான்கு ஆண்டில் ஐஜிசிஎஸ்இ (சாதாரண நிலைக்கு இணையான அனைத்துலகத் தேர்வு), பிறகு இரண்டு ஆண்டு ஐபி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அனைத்துலகப் படிப்பு).

ஆக, இங்கே பேர் பெற்ற பள்ளி ஒரு பக்கம், காசு வாங்கும் பள்ளி இன்னொரு பக்கம். இது புரிந்ததும் அத்தான் தாளைத் திருப்பிப் போட்டார். "அப்ப இது ராஃபிள்ஸ் மாதிரி இல்லையா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதி ஆசை கரைந்துவிட்டது. எத்தனையோ குடும்பங்களில் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டே கடன்வரை போயிருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும்.

பல்கலைக்கழகத்தின் கதவு எதைக் கேட்கிறது

அடுத்த வாரம் நானும் அத்தானும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டில் இடம் கிடைத்தவர்களின் மதிப்பெண் நிலையை அங்கே வெளியிடுகிறார்கள். வரிசையில் கீழிருந்து பத்தாவது விழுக்காட்டில் இருந்தவர் என்ன வாங்கினார், தொண்ணூறாவது விழுக்காட்டில் இருந்தவர் என்ன வாங்கினார் என்பது இருக்கும். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் கீழ்முனையிலேயே எல்லாம் ஏ. பல பொறியியல், அறிவியல் படிப்புகளில் பி, சி எல்லாம் வரும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கான சராசரி மதிப்பெண் தனிப் பத்தியில் இருக்கும். மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தோம். உயர்நிலைப்பள்ளியின் பெயருக்கு அந்தப் பட்டியலில் ஒரு பத்தி இல்லை.

மேல்நிலைத் தேர்வு (ஏ-லெவல்) எழுதுகிறவருக்கு அப்போது சேர்க்கைப் புள்ளி 90-க்குக் கணக்கிட்டார்கள். எச்2 பாடம் (முழு அளவுப் பாடம்) மூன்றுக்கு 60. எச்1 பாடம் (அரை அளவுப் பாடம்), பொதுத்தாள் (ஆங்கிலக் கட்டுரைத் தாள்), செயல்திட்டம் மூன்றுக்கும் பத்துப் பத்தாக 30. ஈசூனில் படித்தாலும் பேர்பெற்ற பள்ளிகள் இருக்கும் புக்கிட் தீமாவில் படித்தாலும் எச்2 வேதியியலில் ஏ வாங்கினால் 20தான். திறன் அடிப்படையிலான சேர்க்கை என்று ஒன்று உண்டு. அதில் நேர்காணல், கட்டுரை, செய்த வேலைகள் எல்லாம் பார்ப்பார்கள். அங்கேயும் பள்ளியின் பெயரைச் சொல்லி இடம் வாங்க முடியாது. பிள்ளை என்ன செய்தாள் என்பதுதான் பேச்சு.

ஐபி படித்தாலும் இதே பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த இடங்களுக்கு இங்குள்ள சுயேச்சைப் பள்ளிகளிலிருந்து மிக உயர்ந்த ஐபி மதிப்பெண்ணோடு வரும் பிள்ளைகளும் போட்டியில் இருப்பார்கள். 200,000 வெள்ளி கட்டியதற்காக வரிசையில் யாரும் முன்னே விடமாட்டார்கள்.

தமிழ் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்த தனியார் பள்ளியின் அட்டவணையில் தமிழ் வகுப்பு இல்லை. உயர்நிலைக்குப் பிறகு மேல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் தொடக்கக்கல்லூரியின் சேர்க்கையிலோ உயர்தமிழுக்கும் (வழக்கமான தமிழைவிடக் கடினமான பாடம்) ஆங்கிலத்துக்கும் சி6 அல்லது அதற்கு மேல் வாங்கினால் இரண்டு புள்ளி கழிவு கிடைக்கும்; அங்கே புள்ளி குறைந்தால்தான் நல்லது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களுக்கும் தாய்மொழித் தகுதி என்று ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் பெண்ணுக்குத் தமிழ்தான் பலம்; அக்கா சின்ன வயதிலிருந்தே கதை படித்துக் காட்டி வளர்த்தவள். கையில் இருந்த பலத்தை விட்டுவிட்டுக் காசு கட்டப் போகிறோமா என்று நான் கேட்டேன். அத்தானை அசைத்தது கட்டணக் கணக்கைவிட இந்தக் கேள்விதான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வது

இது நம் ஊர்க் கதை மட்டும்தானா என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் ராபர்ட் பியான்டா, ஆரிய அன்சாரி இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து 15 வயதுவரை பின்தொடர்ந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் மேலோட்டமாகப் பார்த்தால் முன்னே இருந்தார்கள். குடும்ப வருமானத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்த முன்னிலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுவழிச் சேரும் அரசுப் பள்ளிகளைப் பற்றி 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும், சற்றுக் கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டார்கள். பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஒருங்கிணைந்த பாடத்திட்டம் கிடைக்கவில்லை என்று அழுத அக்காவுக்கு நான் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வு ஹார்வர்ட், யேல் போன்ற பன்னிரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பார்த்தது. நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கியவர்களிலும், மேல்தட்டு ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் அங்கே இடம் பிடிக்கிறார்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டும் சலுகை, விளையாட்டு வீரர்களுக்கான இடங்கள், படிப்பு சாராத தகுதிகளுக்குக் கொடுக்கும் மதிப்பீடு ஆகிய மூன்றும் காரணம். அந்த மூன்றாவதில் வசதியான தனியார் உயர்நிலைப்பள்ளிகளின் பிள்ளைகள் மேலே நிற்கிறார்கள். ஆக, குறி அந்தப் பன்னிரண்டு கதவுகளில் ஒன்று என்றால் பள்ளியின் பரிந்துரைக் கடிதத்துக்கும் ஆலோசகருக்கும் விலை இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் குறி இல்லை. அத்தானிடம் நேராகவே கேட்டேன்: "படிப்பு முடிச்சு இவ எங்க இருக்கணும்னு நினைக்கிறீங்க?" அவர் யோசிக்கவே இல்லை. "இங்கதான். எங்க பக்கத்துல."

கணக்கு

சேமிப்பு 110,000 வெள்ளி. மாதம் 900 வெள்ளி மிச்சம் பிடித்தால் ஆறு ஆண்டில் 64,800. மொத்தம் 174,800. தனியார் பள்ளிக்கே 25,000 குறைகிறது. அதற்கப்புறம் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் இல்லை, சின்னவளுக்கும் ஒன்றும் இல்லை. மூவறை வீட்டுக்கு மாறலாம் என்று அக்கா சொன்னார். உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்குப் பெற்றோரின் மத்திய சேமநிதியைப் பயன்படுத்த ஒரு திட்டம் இருக்கிறது. பிள்ளை வேலைக்குப் போய்த் திருப்பிக் கட்டுவாள். உயர்நிலைப்பள்ளிக் கட்டணத்துக்கு அந்த வசதி கிடையாது. முழுவதும் கைக்காசு. எனக்கு இந்த இடத்தில்தான் மனம் தெளிந்தது. மேல்படிப்புக்கு வைத்த பணத்தை அதற்கு முந்தைய படியிலேயே செலவழிக்கிறோம் என்றால், நுழைவு கிடைத்த பிறகு பிள்ளை வாசலில் நிற்க வேண்டி வரும்.

வீட்டிலிருந்து பேருந்தில் பதினைந்து நிமிடத்தில் இருக்கும் அரசாங்க உயர்நிலைப்பள்ளியை முதல் தெரிவாகப் போட்டார்கள்.

ஆறு ஆண்டுகள்

எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது என்று எழுத மாட்டேன். முதல் இரண்டு ஆண்டு சுமார். இரண்டாம் ஆண்டில் கொவிட் முடக்கம் வந்து பள்ளி வீட்டுக்குள் வந்தது. நாலறை வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒரே மேசையில். உயர்தமிழ் வகுப்பு அவள் பள்ளியில் இல்லை. மதியம் பள்ளி முடிந்ததும் உமறுப்புலவர் தமிழ்மொழி மையத்துக்குப் போவாள். ரயிலிலேயே சாப்பிடாமல் தூங்கிவிடுவாள் என்று அக்கா புலம்புவார். மூன்றாம் ஆண்டில் கணிதம் சறுக்கியது. நான் சொல்லிக் கொடுத்தால் மாமா என்ற செல்லத்தில் கவனிக்கவே மாட்டாள். மாதம் 240 வெள்ளிக்கு வேறோர் ஆசிரியரிடம் இரண்டு ஆண்டு அனுப்பினார்கள்.

2022-ல் சாதாரண நிலைத் தேர்வில் எல்1ஆர்5 (முதல்மொழியும் இன்னும் ஐந்து பாடமும் சேர்ந்த புள்ளி) கணக்கு 12. உயர்தமிழுக்கு இரண்டு, இணைப்பாட நடவடிக்கைக்கு இரண்டு கழித்து 8. அவள் விரும்பிய தொடக்கக்கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த உயர்தமிழ் இரண்டு புள்ளி இல்லையென்றால் கிடைத்திருக்காது. ரயிலில் தூங்கிய மதியங்கள் எல்லாம் அந்த இரண்டு புள்ளியில் இருந்தன.

தொடக்கக்கல்லூரி முதலாண்டு இறுதித் தேர்வில் எச்2 கணிதத்தில் தோற்றாள். அன்று இரவு அத்தான் எனக்குப் போன் போட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தப்புப் பண்ணிட்டோமா மாப்ளே?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய ஆசிரியை விடுமுறையில் வாரம் இருமுறை வரச் சொல்லி அடிப்படையிலிருந்து மறுபடி சொல்லிக் கொடுத்தார். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. சின்ன வகுப்பு, தனிக் கவனிப்பு என்று தனியார் பள்ளியின் கையேட்டில் படித்தோமே, அதை ஓர் அரசாங்க ஆசிரியை தன் விடுமுறையில் கொடுத்தார். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. இந்தக் கதையில் அதிர்ஷ்டத்தின் பங்கு இது.

2025 பிப்ரவரியில் முடிவு வந்தது. வேதியியல் ஏ, கணிதம் பி, இயற்பியல் பி, எச்1 பொருளியல் பி, பொதுத்தாள் பி, செயல்திட்டம் ஏ. கூட்டினால் 82.5. ஆகஸ்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் சேர்ந்தாள்.

செலவு: ஆறு ஆண்டுப் பள்ளி, கல்லூரிக் கட்டணம் 2,000 வெள்ளிக்குள். துணைப்பாட வகுப்பு உயர்நிலையில் 5,760, தொடக்கக்கல்லூரியில் 10,800. முகாம், மடிக்கணினி, இதர 3,000. எல்லாம் சேர்த்து 21,500 வெள்ளிச் சொச்சம். துணைப்பாட வகுப்பு இல்லாமல் நடந்தது என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஊரில் குடும்பங்கள் அதற்கு 2023-ல் செலவிட்டது 1.8 பில்லியன் வெள்ளி. இவர்களும் அதில் உண்டு. மாதம் 900 வெள்ளியை மட்டும் அத்தான் விடாமல் ஒதுக்கினார். பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு எட்டாயிரத்துச் சொச்சம். நான்கு ஆண்டுக்கும் அதிலேயே போதும், மிச்சமும் இருக்கும்.

அண்ணன் மகன்

அவன் கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளியில் அவனுக்கு வாசிப்பதில் சிரமம். நாற்பது பேர் வகுப்பில் பின்வரிசையில் ஒடுங்கிக் கிடந்தவன். தனியார் பள்ளியில் சின்ன வகுப்பு. நாடகம் நடித்தான், நிமிர்ந்து பேச ஆரம்பித்தான். 2022-ல் ஐபி 36 புள்ளி. உள்ளூரில் அவன் கேட்ட வணிகப் படிப்பு கிடைக்கவில்லை. பள்ளி ஆலோசகர் உதவியோடு பிரிட்டனுக்கு விண்ணப்பித்து, தேசிய சேவை முடித்து 2025-ல் போயிருக்கிறான். அங்கே கல்விக்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். அவன் அப்பா தொழில் நடத்துகிறவர், தாங்குவார்.

அந்தப் பிள்ளைக்கு அந்தப் பணம் தகுமா என்றால், தகும் என்றுதான் சொல்வேன். ஒடுங்கிய பிள்ளை நிமிர்ந்ததற்கு விலை போட முடியாது. ஆனால் பல்கலைக்கழக நுழைவுக்காகக் கட்டிய காசு என்று அதை எண்ணினால், அது உள்ளூர்க் கதவைத் திறக்கவில்லை. அதைவிடச் செலவு கூடிய இன்னொரு கதவுக்குக் கொண்டுபோய் விட்டது. ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்து எல்லாருக்கும் விதி எழுத முடியாது. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நான் தவறிய இடம்

பள்ளியின் பெயரால் ஒரு வித்தியாசமும் வராது என்று 2018-ல் நான் அடித்துச் சொன்னேன். சேர்க்கைக்கு அது சரி. உபகாரச் சம்பள நேர்காணலுக்கு அவள் போனபோது அது சரியாக இருக்கவில்லை. காத்திருக்கும் அறையில் மற்ற பிள்ளைகள் மேசைக்குப் பின்னால் இருப்பவரோடு பேசிப் பழகியவர்கள்போல இருந்தார்களாம். இவள் வாய் கட்டிப்போய் வெளியே வந்தாள். உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து தன் கருத்தைச் சொல்லும் பழக்கத்தைச் சில பள்ளிகள் நாள்தோறும் கொடுக்கின்றன. சில பள்ளிகளில் அதற்கு நேரமே இல்லை. இதை முன்பே யோசித்திருந்தால் தமிழ் விவாதக் குழுவிலோ சமூக மன்ற நிகழ்ச்சிகளிலோ அவளைச் சேர்த்திருக்கலாம். நான் மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அந்தப் பழியை நான்தான் ஏற்க வேண்டும்.

சின்னவள்

2025 நவம்பரில் சின்னவளுக்குத் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவு வந்தது. டி-ஸ்கோர் போய் இப்போது அடைவுநிலைப் புள்ளி (குறைந்தால் நல்லது), அவளுக்கு 14. விதிகளும் மாறியிருக்கின்றன. எக்ஸ்பிரஸ், வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களோடு போய்விட்டன. பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்று எளிதிலிருந்து கடினம்வரை வெவ்வேறு நிலையில் படிக்கலாம். சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாக 2027-லிருந்து ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ். தொடக்கக்கல்லூரிக்கு 2028 முதல் ஒரு பாடம் குறைந்து எல்1ஆர்4, உச்சவரம்பு 16. பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளி 2026 முதல் 70-க்கு: மூன்று எச்2 பாடமும் பொதுத்தாளும். தாய்மொழி மதிப்பெண் கணக்கை உயர்த்தினால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை மாற்றத்திலும் பள்ளியின் பெயருக்குப் பத்தி எதுவும் புதிதாக முளைக்கவில்லை.

இந்த முறை அத்தான் என்னைக் கூப்பிட்டபோது மேசைமேல் கட்டணத் தாள் இல்லை. ஆறு பள்ளிகளின் பெயர் எழுதிய தாள் இருந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அக்கா மூன்று விஷயம் எழுதியிருந்தார்: பேருந்தில் எத்தனை நிமிடம், உயர்தமிழ் பள்ளியிலேயே இருக்கிறதா, விவாதக் குழு இருக்கிறதா. மூன்றாவது கட்டத்தை அக்கா சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம்.